லயத்து இஸ்தோப்பிலிருந்து: என் எண்ணெய் ஓவியங்கள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் இலங்கையில் ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் பிறந்து, லயத்தில், அதாவது தொழிலாளர்களின் வரிசை வீட்டில், வளர்ந்தவள். இஸ்தோப்பு என்றால் அந்த வீட்டின் முன் திண்ணை. மலையகத்தை எண்ணெய் வர்ணத்தில் வரைகிறேன். கண்காட்சிக்கு வருகிறவர்களும் சித்திரம் படிக்கிற பிள்ளைகளும் படம் வாங்க நினைக்கிறவர்களும் திரும்பத் திரும்பக் கேட்பவற்றுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். சில பதில்கள் நீளம். சிலவற்றுக்கு ஒரு வரி போதும்.

எதைப் பார்த்தால் உங்களுக்கு வரையத் தோன்றுகிறது?

வேலை செய்கிற உடம்பைப் பார்த்தால்.

கொழுந்து நிறுக்கிற நேரத்தில் மடுவம் என்கிற கொட்டகைக்குப் போய் நின்று பாருங்கள். பாரத்தை இறக்குவதில் ஒவ்வொருத்தருக்கும் ஒவ்வொரு விதம். ஒருவர் நெற்றியில் இருக்கிற கயிற்றை முதலில் விரலால் தூக்கி, கழுத்தை ஒரு தரம் பின்னால் சாய்த்துவிட்டு, அப்புறம்தான் கூடையை இறக்குவார். இன்னொருவர் முழங்காலை மடித்துக் கூடையைத் தரையில் உட்கார வைத்துவிட்டுத் தலையை உருவிக்கொள்வார். கயிறு இருந்த இடத்தில் நெற்றியில் குறுக்காக ஒரு பள்ளம் கொஞ்ச நேரம் நிற்கும். அது மறைவதற்குள் பார்த்துவிட வேண்டும். பல வருடமாக நான் வரைகிற முகங்களில் அந்தப் பள்ளம் இருக்கிறது. கண்ணுக்கும் வாய்க்கும் செலவழிக்கிற நேரத்தை அதற்கும் செலவழிக்கிறேன்.

அடுத்தது, கைகள். தேயிலைச் சாறு காற்றுப் பட்டால் கறுக்கும். கட்டைவிரலும் ஆட்காட்டி விரலும் கூடுகிற இடத்தில் அது ஏறி, தோல் வெடிப்புகளுக்குள் போய் உட்கார்ந்துவிடும். சவர்க்காரம் போட்டாலும் போகாது. என் அம்மா கல்யாண வீட்டுக்குப் போனால் கையை முந்தானைக்குள் வைத்துக்கொள்வார். அந்தக் கையைப் பெரிதாக, வெளிச்சத்தில் வரைய வேண்டும் என்ற ஆசைதான் என்னை முதலில் கன்வஸ் முன்னால் கொண்டுபோய் நிறுத்தியது.

மலைநாட்டை வரைகிறீர்கள், ஆனால் பச்சை நிறம் குறைவாக இருக்கிறதே?

இருக்கிறது, ஆனால் நீங்கள் எதிர்பார்க்கிற பச்சை இல்லை. ரோட்டில் வாகனத்தை நிறுத்திப் பார்த்தால் மலை முழுக்க ஒரே பச்சை. மலைக்குள் நிற்கிறவருக்கு அப்படித் தெரியாது. முற்றின இலை கரும்பச்சை, கிட்டத்தட்ட நீலம். கொழுந்து மஞ்சள் கலந்தது. தேயிலைத் தூருக்கு உள்ளே வாதுகள், அதாவது கிளைகள், பாசி பிடித்துச் சாம்பல் நிறத்தில் இருக்கும். சில வருடங்களுக்கு ஒருமுறை கவ்வாத்து வெட்டுவார்கள், அதாவது செடிகளைக் கத்தரிப்பார்கள். அப்போது மலையே பழுப்பாகி, முழங்கால் உயரத்தில் வெறும் கம்புகளாக நிற்கும். சுற்றுலாப் படங்களில் கவ்வாத்து வெட்டிய மலையை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். எனக்கு அது மிகவும் அழகான காட்சி. செடியின் எலும்பு முழுக்கத் தெரியும், யார் வெட்டினார், கத்தியை எந்தச் சாய்வில் பிடித்தார் என்பதுகூடத் தெரியும்.

டியூபில் வருகிற பச்சையை அப்படியே எடுப்பதில்லை. தேலோ பச்சையில் ஒரு துளி பலெட்டில் விழுந்தால் எல்லாவற்றையும் விழுங்கிவிடும். அல்ட்ராமரீன் நீலத்தில் மஞ்சள் ஓக்கர் கலந்து, கொஞ்சம் எரிந்த அம்பரால் அடக்கி என் பச்சையைச் செய்துகொள்கிறேன்.

நீர்வர்ணம், அக்ரிலிக் எல்லாம் இருக்க ஏன் எண்ணெய் வர்ணம்?

மெதுவாகக் காய்வதால். அக்ரிலிக் தண்ணீர் வற்றியதும் இறுகிவிடும். ஆளிவிதை எண்ணெய் அப்படிக் காய்வதில்லை. அது காற்றிலிருந்து ஒட்சிசனை எடுத்துக்கொண்டு உருமாறி இறுகுகிறது. ஸ்டோரில், அதாவது தேயிலைத் தொழிற்சாலையில், அரைத்த கொழுந்தைப் பரப்பி வைத்ததும் பச்சை போய்ச் செம்பு நிறம் ஏறுகிறதே, அங்கேயும் வேலை செய்வது அதே ஒட்சிசன்தான். தேயிலைக்கு மணிக்கணக்கு, எண்ணெய்க்கு நாட்கணக்கு, வாரக்கணக்கு.

இந்த நேரம் எனக்கு மிகவும் தேவை. மலையகத்தில் எதற்கும் கூர்மையான ஓரம் கிடையாது. பனி இறங்கினால் சவுக்கு மரத்தின் அடி தெரியும், தலை தெரியாது. லயத்துக் கூரையின் ஒரு முனை வானத்தோடு போய்விடும். ஈரமான வர்ணத்துக்குள் ஈரமான வர்ணத்தை இழுத்து அந்த ஓரத்தைக் கரைக்க எண்ணெயில்தான் முடிகிறது. பனியை வெறும் வெள்ளையால் வரைய முடியாது. அல்ட்ராமரீனும் எரிந்த அம்பரும் சேர்ந்த சாம்பலை வெள்ளையில் கலந்து, நீலத்தைக் கூட்டினால் காலைப் பனி, அம்பரைக் கூட்டினால் அடுப்புப் புகை கலந்த மாலைப் பனி. கீழ் அடுக்கு காய்ந்த பிறகு, கிட்டத்தட்ட வெறும் பிரஷ்ஷால் அதை மேலே தேய்த்து விடுவேன்.

கறுப்பு டியூபையும் நான் தொடுவதில்லை. பனி நாளில் வெளிச்சம் மேலேயிருந்து குளிர்ச்சியாக இறங்கும். கருத்த தோலின் மேட்டில் அது நீலமாக மினுங்கும், பள்ளத்தில் செம்பழுப்பாக இருக்கும். கறுப்பு போட்டால் இரண்டும் செத்துவிடும்.

மழைக்காலத்தில் படம் காயுமா?

காயும், பொறுமை வேண்டும். மே மாதம் தென்மேல் பருவக்காற்று தொடங்கினால் ஹட்டன், மஸ்கெலியா, நோர்வூட் பக்கம் வாரக்கணக்கில் துணியே உலராது. குளிரும் ஈரமும் சேர்ந்தால் எண்ணெய் இறுகுவது இன்னும் மெதுவாகும். அதனால் மழைக்காலத்தில் அடி அடுக்கை அம்பரில் போடுகிறேன். அதில் இருக்கிற மாங்கனீசு எண்ணெயைச் சீக்கிரம் உலர வைக்கும். கீழ் அடுக்கில் எண்ணெய் குறைவாகவும் மேலே போகப் போகக் கூடவும் இருக்க வேண்டும். மாறிப் போனால் மேல் அடுக்கு முதலில் இறுகி, பிறகு வெடிக்கும். இந்த விதி எங்கேயும் பொருந்தும், ஆனால் எங்கள் ஊரில் கவனக்குறைவுக்குத் தண்டனை சீக்கிரம் கிடைக்கும். மிருகத் தோல் பசை பூசிய கன்வஸ் ஈரத்தில் உப்பிச் சுருங்கும், பூஞ்சணமும் பிடிக்கும். நான் அடிப்பூச்சாக அக்ரிலிக் ஜெஸ்ஸோதான் பூசுகிறேன்.

படங்களில் தோட்டத்து மண்ணையே வர்ணமாகப் பயன்படுத்துகிறீர்களாமே?

ஆமாம், சில படங்களில். மலைநாட்டுத் தேயிலை மண் பெரும்பாலும் செம்மஞ்சள். அந்தச் சிவப்பும் மஞ்சளும் இரும்பிலிருந்து வருபவை. கடையில் வாங்குகிற ஓக்கருக்கும் அதே மூலம்தான். கானு (வடிகால்) வெட்டிய இடத்தில் கிடைக்கிற மண்ணை வாளித் தண்ணீரில் கலக்கி விட்டால் மணல் முதலில் அடியில் படியும். மேலே நிற்கிற கலங்கல் தண்ணீரை இன்னொரு பாத்திரத்துக்கு ஊற்றித் தெளிய விட வேண்டும். இப்படிச் சில தரம் செய்தால் கடைசியில் படிகிற சேறு விரலில் மணலே தட்டாது. அதைக் காயவைத்து, பொடித்து, துணியில் சலித்து, கண்ணாடி மேல் ஆளிவிதை எண்ணெய் விட்டு அரைக்க வேண்டும். கை கடுக்கும். ஒரு நாள் அரைத்தால் சின்ன டியூப் ஒன்று நிரம்பும்.

டிக்கோயாப் பக்கத்தில் நான் எடுத்த மண் பழுப்பு, பண்டாரவளைப் பக்கத்தில் எடுத்தது நல்ல சிவப்பு. ஒரு தோட்டத்து ஆளை வரையும்போது அந்தத் தோட்டத்து மண்ணில்தான் அடி அடுக்கு. பார்க்கிறவருக்கு அது தெரியாமல் இருக்கலாம். வரையும்போது எனக்குத் தெரிகிறது, அது என் கையை மாற்றுகிறது.

மண்சரிவை வரைந்திருக்கிறீர்களா?

2014 அக்டோபர் 29 காலையில் கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை அப்படியே மூடியது. பள்ளிக்கூடம் போன பிள்ளைகள் திரும்பி வந்தபோது வீடு இல்லை, வீட்டில் இருந்தவர்களும் இல்லை. அதை வரையச் சொல்லிப் பலர் கேட்டார்கள். சரிந்த இடத்தை நான் வரையவில்லை. அந்த மண்ணை எடுத்து வர்ணமாக அரைக்கவும் மாட்டேன். அதற்குள் இன்னும் ஆட்கள் இருக்கிறார்கள்.

நான் வரைந்தது மழை இரவுகளில் மேட்டு லயங்களில் நடக்கிறதை. விளக்கை அணைக்காமல், பிள்ளைகளுக்குச் செருப்புப் போட்டே படுக்க வைத்துவிட்டு, பின்பக்க மலையில் ஏதாவது சத்தம் வருகிறதா என்று கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிற பெரியவர்கள். அந்தத் தொடர் இன்னும் முடியவில்லை. ஒவ்வொரு மழைக்காலத்திலும் அதற்கு ஒரு படம் சேர்கிறது.

உங்கள் படங்களில் பெண்கள் ஏன் சிரிப்பதே இல்லை?

சிரிக்கிறார்கள். இஸ்தோப்பில் பேன் பார்க்கிற படத்தில் சிரிக்கிறார்கள், பீலியில் தண்ணீர் பிடிக்கிற படத்தில் சத்தமாகவே சிரிக்கிறார்கள். கொழுந்து எடுக்கிறபோது சிரிப்பதில்லை, அவ்வளவுதான். தேயிலைப் பக்கெட்டில் இருக்கிற பெண் புதுச்சேலை கட்டி, பூ வைத்து, மூங்கில் கூடையோடு கமராவைப் பார்த்துச் சிரிக்கிறார். மலையில் இருக்கிறவர் இடுப்பில் படங்கு சுற்றி, மழைக்குத் தலையில் பொலித்தீன் போட்டு, பல தோட்டங்களில் இப்போது கூடைக்குப் பதில் நைலோன் பையை முதுகில் தொங்கவிட்டு நிற்கிறார். கண் மட்டக்கம்பிலும் (பறிக்கிற மட்டத்தைக் காட்டுகிற கம்பு) கையிலும்தான். இரண்டு கையும் வெவ்வேறு தூரில் ஓடும். அந்த வேகத்தில் அவர் முகத்தில் ஒரு கவனம் இருக்கும், நல்ல சங்கீதக்காரர் முகத்தில் இருக்கிற அதே கவனம். நான் அதை வரைகிறேன். பக்கெட் படத்தை நூறு வருடத்துக்கு மேலாக உலகம் பார்த்துவிட்டது. இந்த முகத்தைப் பார்க்க இப்போதுதான் தொடங்குகிறது.

படத்தின் பின்பக்கத்தில் என்ன எழுதியிருக்கிறது?

வரையப்பட்டவரின் பெயர், அவர் எந்தத் தோட்டம், எந்த டிவிசன். அவர் சம்மதித்தால் மட்டும்.

இதற்குக் காரணம் உண்டு. ஜூலியா மார்கரெட் கமரன் என்ற பெரிய புகைப்படக் கலைஞர் 1875இல் இலங்கைக்கு வந்து 1879இல் இங்கேயே இறந்தார். பொகவந்தலாவை சென் மேரிஸ் தேவாலய முற்றத்தில் அவரது கல்லறை இருக்கிறது. இங்கே இருந்த காலத்தில் தோட்டத் தொழிலாளரையும் கிராமத்தவரையும் அவர் படமெடுத்தார். இங்கிலாந்தில் அவர் எடுத்த உருவப்படங்களில் கவிஞர், விஞ்ஞானி எல்லாருக்கும் பெயர் இருக்கிறது. இங்கே எடுத்த ஒன்றின் தலைப்பு, ‘களுத்துறை விவசாயிகள் கூட்டம்’. அந்தப் படங்களை நான் மிகுந்த மரியாதையோடு பார்க்கிறேன், வெளிச்சத்தைப் பற்றி அவரிடம் நிறையக் கற்றேன். ஆனால் அந்த முகங்கள் யாருடையவை என்று தேடினால் வழியில்லை. என் அப்பாயியின் அம்மாவாகக்கூட இருக்கலாம்.

‘பத்துக்குப் பன்னிரண்டு’ என்ற வேலையைப் பற்றிச் சொல்லுங்கள்.

வெள்ளைக்காரர் காலத்து லயத்தில் ஒரு காம்பரா (அறை) சுமாராக 10 அடிக்கு 12 அடி. அந்த அளவில் ஒரு தரையை மரப்பலகைகளில் எண்ணெய் வர்ணத்தில் வரைந்து, பலகைகளைச் சேர்த்துக் கண்காட்சி மண்டபத்தின் தரையில் வைத்தேன். அடுப்புக் கரி படிந்த மூலை, பாய் விரித்த தடம், சாமிப் படத்துக்குக் கீழே எண்ணெய் சொட்டிய இடம், கதவடியில் தேய்ந்த சிமெந்து. ஆள் யாரும் இல்லை.

கொழும்பில் பெரிய மண்டபத்தின் நடுவில் அது கிடந்தபோது, வந்தவர்கள் சுற்றி நடந்து பார்த்தார்கள். கொஞ்ச நேரம் கழித்து ஒவ்வொருவரும் கேட்ட கேள்வி, “இதற்குள் எத்தனை பேர்?” எங்கள் காம்பராவில் அப்பாயி, தாத்தா, அப்பா, அம்மா, பிள்ளைகள் என்று எல்லாரும் இருந்தோம். தோட்டத்திலிருந்து பஸ் பிடித்து வந்த பெண்கள் சிலர் பலகை ஓரத்தில் செருப்பைக் கழற்றினார்கள். அவர்களிடம் யாரும் கழற்றச் சொல்லவில்லை.

வரலாற்றை ஏன் திரும்பத் திரும்ப எடுக்கிறீர்கள்?

அது எங்கள் வீட்டுக்குள் நடந்தது. 1948இல் பிரஜாவுரிமைச் சட்டம் வந்தபோது, தோட்ட வேலைக்கு இந்தியாவிலிருந்து வந்தவர்களின் வழிவந்த என் தாத்தா நாடற்றவர் ஆனார். 1964இல் இலங்கையும் இந்தியாவும் செய்த சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தத்தில் 5 இலட்சத்து 25 ஆயிரம் பேர் இந்தியாவுக்கு, 3 இலட்சம் பேர் இலங்கைக்கு, மீதி 1 இலட்சத்து 50 ஆயிரம் பேரைப் பற்றிப் பிறகு பேசலாம் என்று பிரித்தார்கள். அந்த மிச்சத்தை 1974இல் ஆளுக்குப் பாதியாகப் பகிர்ந்துகொண்டார்கள். எண்ணிக்கைக்குள் அண்ணன் ஒரு பக்கம், தம்பி ஒரு பக்கம். இந்தியாவுக்குக் கப்பல் ஏறத் தலைமன்னாருக்கு ஆட்களை ஏற்றிப் போன ரயிலை எங்கள் ஆட்கள் ‘ஒப்பாரிக் கோச்சி’ என்றார்கள். அந்தக் கோச்சியை நான் பார்க்கவில்லை, அப்பாயி சொல்லிக் கேட்டேன். ஹட்டன் ஸ்டேசனை வரையும்போதெல்லாம் மேடையை ஒரு படத்துக்கு வேண்டியதைவிட நீளமாக வரைகிறேன். ஜன்னலுக்கு உள்ளே ஒரு கை, வெளியே ஒரு கை, நடுவில் வெறும் வெளிச்சம்.

2003இல் வந்த சட்டத்தோடு நாடற்ற நிலைக்கு ஒரு முடிவு வந்தது. 2023இல், மலையக மக்கள் வந்து 200 வருடம் என்பதை நினைத்து, தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை முன்னோர் நடந்த வழியில் மக்கள் நடந்தார்கள். அந்த நடையில் பார்த்த பாதங்களிலிருந்து ஒரு தொடர் பிறந்தது. வர்ணத்தைப் பிரஷ்ஷால் போடாமல் முழுக்கப் பலெட் கத்தியால் போட்ட ஒரே தொடர் அது.

அப்படியென்றால் நீங்கள் அரசியல் ஓவியரா?

ஆமாம்.

சாமி படங்கள், கூத்துப் படங்கள் பற்றி?

தோட்டத்துச் சாமிகள் வேலையோடு ஒட்டியவை. மலையில் வேலை தொடங்குமுன் கும்பிடுகிற கல், ஸ்டோரில் இயந்திரத்துக்குப் பக்கத்தில் ரோதமுனி. இயந்திரம் கையை எடுத்துவிடாமல் காக்க ஒரு முனி வேண்டியிருந்தது. கல்லில் பூசிய குங்குமமும் இயந்திரத்தின் கிரீசும் ஒரே வெளிச்சத்தில் இருக்கிறதை வரைவது எனக்கு மிகவும் பிடிக்கும்.

மாசியில் காமன் கூத்து. சிவன் மன்மதனை எரித்த பிறகு ரதி அழுகிற கட்டத்தைத்தான் நான் தேர்ந்தெடுப்பேன். ஆண்தான் ரதி வேஷம் கட்டுவார். பந்த வெளிச்சத்தில் அரிதாரம் வியர்வையோடு வழிய, கீழே மீசை வழித்த பச்சைத் தாடை தெரியும். பக்கத்தில் தப்பு அடிக்கிறவரின் மணிக்கட்டு. பகலில் கானு வெட்டுகிற அதே மனிதர் அன்றிரவு ரதியாக அழும்போது, சுற்றி நிற்கிற பெண்களும் தங்கள் தங்கள் ஆட்களை நினைத்து அழுகிறார்கள்.

உங்களைப் பாதித்த ஓவியர்கள் யார்?

கண்டியில் 1901இல் பிறந்த ஜோர்ஜ் கீற்றின் கோடு. பொரளை கோதமி விகாரையில் அவர் தீட்டிய சுவரோவியங்களைப் போய்ப் பாருங்கள், ஒரு கோடு எங்கே தொடங்கி எங்கே திரும்புகிறது என்று விரலால் காற்றில் போட்டுப் பார்க்கத் தோன்றும். அவரும் சேர்ந்த ‘43 குழு’ என்ற ஓவியர் அமைப்பு 1943இல் கொழும்பில் உருவானது. அதில் ஜஸ்டின் தெரணியகல கட்டி வர்ணத்தில் வரைந்த முகங்கள் என்னை உலுக்கின. ஐவன் பீரிஸ் இங்கிலாந்தில் இருந்துகொண்டு வாழ்நாள் முழுக்க நம் கடற்கரையை வரைந்தார். ஒரே இடத்தை எத்தனை தரம் வரைந்தாலும் தீராது என்ற தைரியம் அவரிடமிருந்து வந்தது. கொழும்பு பார்ன்ஸ் பிளேசில் ஹரி பீரிஸின் வீடு சபுமல் மன்றம் என்ற கலைக்கூடமாக இருக்கிறது. அங்கே இந்தக் குழுவின் படங்களைப் பக்கத்தில் நின்று பார்க்கலாம்.

அம்ரிதா ஷேர்-கில் 1937இல் தென்னிந்தியா வந்துபோன பிறகு வரைந்த படங்களில் கருத்த தோலுக்கு ஒரு கனம் இருக்கிறது. வின்சென்ட் வான்கோ 1885இல் வரைந்த ‘உருளைக்கிழங்கு உண்போர்’ பற்றித் தன் தம்பிக்கு எழுதியபோது, தட்டில் நீள்கிற இந்தக் கைகளேதான் நிலத்தையும் கிண்டின என்பதைக் காட்ட நினைத்தேன் என்றார். அதைப் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை.

மலையகத்திலேயே ஹனுஷா சோமசுந்தரம் போன்றவர்கள் தேயிலைப் பையையே ஊடகமாக எடுத்து வேலை செய்கிறார்கள். என் வழி வேறு, ஆனால் அவர்களது வேலை இருப்பது எனக்குப் பெரிய பலம்.

ஃபோட்டோ பார்த்து வரைவீர்களா?

மழைக்கு மட்டும். மற்றபடி பென்சிலும் கொப்பியும் எடுத்துக்கொண்டு போவேன். ஆட்களை வேலை நேரத்தில் நிறுத்தி வைப்பதில்லை. நின்றால் கிலோ குறையும், கிலோ குறைந்தால் பேர் (ஒரு நாள் சம்பளக் கணக்கு) அரைப்பேர் ஆகும்.

தோட்டத்து ஆட்கள் படங்களைப் பார்த்து என்ன சொல்கிறார்கள்?

முதலில் மட்டத்தைப் பார்ப்பார்கள். தூரின் உயரம் சரியா, கம்பு பிடித்த கை சரியா. ஒரு படத்தைப் பார்த்துவிட்டு ஒரு பெரியம்மா, “பிள்ளை, இந்தத் தூரு வங்கி விழுந்து கிடக்கு, இதுல போய் என்னத்த எடுக்கிறா?” என்றார். வங்கி என்றால் வளராமல் நின்றுபோன கொழுந்து. உடனே அந்த இடத்தைச் சுரண்டி நல்ல அரும்பு வைத்தேன். இப்போது எந்தப் படமும் கொழும்புக்குப் போகுமுன் லயத்து இஸ்தோப்பில் ஒரு கிழமை நிற்கும்.

மலையகப் பிள்ளை ஒருவர் ஓவியம் படிக்க எங்கே போகலாம்?

உயர்தரத்தில் சித்திரத்தை ஒரு பாடமாக எடுங்கள். தமிழில் படிக்க யாழ்ப்பாணப் பல்கலைக்கழகமும் மட்டக்களப்பு சுவாமி விபுலானந்தா அழகியற் கற்கைகள் நிறுவகமும் இருக்கின்றன. வர்ணம் வாங்கக் காசில்லை என்றால் அடுப்புக்கரியும் தேயிலைச் சாயமும் போதும், ஒரு வருடம் அதில் வரையலாம். பெற்றோருக்கு ஒரு வார்த்தை: பிள்ளை வரைகிற கொப்பியைக் கிழிக்காதீர்கள்.

இப்போது எதை வரைகிறீர்கள்?

பழைய மஸ்கெலியாவை. மவுஸ்ஸாக்கலை நீர்த்தேக்கம் கட்டியபோது, 1960களின் முடிவில், பழைய நகரம் தண்ணீருக்கு அடியில் போனது. கடும் வரட்சியில் தண்ணீர் இறங்கினால் பழைய கோயில் கட்டடம் வெளியே வரும். ஆட்கள் சேற்றில் நடந்துபோய்க் கும்பிட்டுவிட்டு வருவார்கள். வெடித்துக் கிடக்கிற அந்தச் சாம்பல் சேற்றின் நிறம் எனக்கு இன்னும் பிடிபடவில்லை. வெயில் ஏற ஏற மாறிக்கொண்டே இருக்கிறது.

வாங்கின படத்தை வீட்டில் எப்படி வைத்திருக்க வேண்டும்?

அடுப்படிச் சுவரிலும் மழைநீர் கசிகிற சுவரிலும் மாட்டாதீர்கள். சட்டத்தின் பின்பக்க மூலைகளில் சின்னத் தக்கைத் துண்டுகளை ஒட்டினால் சுவருக்கும் படத்துக்கும் நடுவில் காற்றுப் போகும், பூஞ்சணம் பிடிக்காது. ஈரத்துணியால் துடைக்க வேண்டாம், காய்ந்த மெல்லிய பிரஷ் போதும். வார்னிஷ் பூச ஆறு மாதம் முதல் ஒரு வருடம் வரை பொறுங்கள். என்னிடம் கொண்டுவந்தால் நானே பூசித் தருவேன். துணி சுற்றி அலுமாரிக்குள் மட்டும் வைத்துவிடாதீர்கள். ஆளிவிதை எண்ணெய் இருட்டில் மஞ்சளிக்கும். அப்படி ஆகியிருந்தால் நேர் வெயில் படாத, பகல் வெளிச்சம் வருகிற இடத்தில் சில வாரம் மாட்டி வையுங்கள், மஞ்சளிப்பு பெருமளவு குறையும்.